அழிப்பு ஜெபம்

"என் சாவுக்கு யாரு அழிப்பா?" என்று தொமெசோ கேட்டபோது, இசோ அடுப்புச் சாம்பலுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"விடிஞ்சதும் சாவுப் பேச்சா? கிழங்கு வெந்துடுச்சு. வாயத் திறங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"தோகுஜி இருக்காருல்ல. நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க."

"தோகுஜியா? பாதி ஜெபத்துல கொட்டாவி விடுவான். அவன் அழிச்சா நான் பாதி புத்தனாதான் மேல போய் நிக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், இசோ அவன் முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் நெஞ்சில் கட்டிய சளி வசந்தம் வந்தும் இளகவில்லை. இனி இளகாது என்பது இருவருக்கும் தெரியும்.

கூரோசே என்ற அந்த ஜப்பானியக் கடலோர ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் கோயிலுக்குச் சொல்லிவிட வேண்டும். பிக்கு வந்து பிணத்தைப் பார்த்து, முன்னறையில் உட்கார்ந்து சூத்திரம் ஓதி, செத்தவருக்குப் புதுப் பெயர் வைத்த பிறகுதான் மண்ணுக்குள் இறக்கலாம். அது அரசாங்கக் கட்டளை. செத்தவர் கிறிஸ்தவர் இல்லை என்பதற்குப் பிக்குதான் சாட்சி. கூரோசேயிலோ எல்லா வீட்டிலும் கிறிஸ்தவர்கள். பாட்டன் பூட்டனுக்கும் முந்தைய காலத்தில் குருக்களை எரித்தும் கடலில் தள்ளியும் தீர்த்த பிறகு, குருவே இல்லாமல், பாட்டி சொல்லி அம்மா கேட்டு, அம்மா சொல்லி மகள் கேட்டு வளர்ந்த விசுவாசம். அதனால் ஊரார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். முன்னறையில் பிக்கு ஓதும்போது, பின்னறையில் தானியப் பெட்டிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய ஒரு ஜெபம் சொல்வார். முன்னறைச் சூத்திரம் செத்தவரின் ஆத்துமாவில் ஒட்டாமல், வரிக்கு வரி அழித்துக்கொண்டே போகும் ஜெபம். அதை அழிப்பு ஜெபம் என்பார்கள். அதன் சொற்கள் எந்த நாட்டுச் சொற்கள் என்று யாருக்கும் தெரியாது. பல தலைமுறை நாக்குகளில் உருண்டு கூழாங்கல்லாகிப் போனவை.

தொமெசோ தன் வாலிபத்திலிருந்து ஊரின் அழிப்புக்காரன். அவன் அழித்து அனுப்பாத சாவு கூரோசேயில் இல்லை. இசோவின் அப்பாவுக்கும், பிறந்த மூன்றாம் நாள் போன அவர்களுடைய முதல் பெண்ணுக்கும் அவன்தான் அழித்தான். அன்று தானியப் பெட்டிக்குப் பின்னால் அவன் உதடு நடுங்கியதை இசோ மட்டும் பார்த்தாள்.

"தோகுஜி வேண்டாம்" என்றான் இப்போது, மூச்சு திரும்பியதும். "யாருமே வேண்டாம். பிக்குவும் வேண்டாம்."

இசோ கிழங்கைத் தட்டில் வைத்தாள். "காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சா?"

"போன வருசம் கருவாடு விக்க நாகசாகிக்குப் போனேன்ல. வெள்ளைக்காரங்க கட்டின அந்தக் கோயிலுக்குப் போனேன்."

"தெரியும். ஊரே ஒவ்வொருத்தரா போய்ப் பாத்துட்டுத்தான வந்துச்சு. தேவமாதா சுரூபம் இருந்துச்சு, அழுதேன்னு சொன்னீங்க."

"சொல்லாதது ஒண்ணு இருக்கு." அவன் கூரையைப் பார்த்தான். "அந்தக் குருகிட்ட கேட்டேன். சாமி, நாங்க ஒரு ஜெபம் சொல்றோம், அது சூத்திரத்த அழிக்கிற அளவுக்குப் பலமுள்ளதான்னு. அவரு நம்ம பாசையத் தட்டுத்தடுமாறிப் பேசுறாரு. ரெண்டு மூணு தடவ கேட்டுப் புரிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு. அடுத்தவன் வாயிலேர்ந்து வர்ற சூத்திரம் உன் ஆத்துமாவ அழுக்காக்காது. அழிக்கிறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. பிக்குவ உள்ள விட்டு, நான் கிறிஸ்தவன் இல்லன்னு உன் வீட்டு வாசல் சொல்லுது பாரு, அதுக்குத்தான் நீ அழணும்னாரு."

வெளியே யாரோ வலையை உதறும் சத்தம் கேட்டது.

"ஒரு வருசமா யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்றது? ஆயுசு பூரா நான் அழிச்சது வெறும் காத்தத்தான்னு சொல்லவா?"

"அப்ப எம் பொண்ணுக்கு நீங்க சொன்னது?"

"அவ பச்சப்புள்ள. அவளுக்கு அழிக்க என்ன இருந்துச்சு? தேயுசு கையில நேரா போயிருப்பா." தேவனை அவர்கள் தேயுசு என்றுதான் சொல்வார்கள். "நம்ம கத வேற. பொதுத்தீர்வை அன்னைக்கு எக்காளம் ஊதி ஒவ்வொருத்தனையா பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. பாவுரோன்னு என் ஞானஸ்நானப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. நான் என்னான்னு சொல்றது? கொஞ்சம் இருங்க ஆண்டவரே, முன்னறையில சொன்னதப் பின்னறையில அழிச்சுட்டு வந்துடறேன்னா?"

இசோவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "உங்களுக்கென்ன, நீங்க போய்ச் சேந்துடுவீங்க. இங்க இருக்கறவங்களயில்ல கட்டி இழுத்துட்டுப் போவாங்க. நம்ம மகன் யகிச்சி பொண்டாட்டி மாசமா இருக்கா."

"அதனாலதான் சத்தியம் கேக்கல. என் மனசுல இருக்குறதச் சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

"எப்பவும் போல அழிச்சுடலாம்" என்றாள் இசோ.

அவன் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அன்று முழுதும் உத்தம மனஸ்தாப மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத ஊரில் அது ஒன்றுதான் மிச்சம். முழு மனதோடு நொந்து சொன்னால் போதும், தேயுசு மன்னிப்பார் என்று முன்னோர் சொல்லி வைத்த மந்திரம். மறுநாள் காலை, கடல் ஏற்றத்தில் இருக்கும்போது, தொமெசோ இறந்தான். இசோ சரி என்று சொல்லியிருக்கவில்லை.

இறந்தவனின் காலைத் துடைக்கும்போதுதான் அவளுக்குத் தன் கால்கள் ஞாபகம் வந்தன. முன்பெல்லாம் வருசப் பிறப்பு முடிந்ததும் அதிகாரிகள் ஊருக்கு வருவார்கள். சேசுநாதர் முகம் பதித்த பித்தளைத் தகட்டைத் தரையில் வைத்து, வீடு வீடாகக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் வற்புறுத்தி அந்த வழக்கம் நின்று பத்து வருடம் ஆகிறது. இசோ எப்போதும் முதல் ஆளாகப் போய் மிதிப்பாள். அவள் மிதித்தால்தான் பின்னால் நிற்கும் பெண்களுக்குத் தைரியம் வரும் என்று ஊரே அவளை முன்னால் தள்ளும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவி, கழுவிய தண்ணீரைப் பரிகாரமாகக் குடித்து, கணவனோடு உட்கார்ந்து மனஸ்தாப மந்திரம் சொல்வாள். அடுத்த வருடம் மறுபடி மிதிப்பாள். மிதிக்கும்போதே வீட்டுக்குப் போய் அழப்போகிறோம் என்று தெரியும். தெரிந்துகொண்டே மிதிப்பாள். அந்தப் பித்தளையின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்காலில் இருந்தது.

செய்தி கேட்டு அவளுடைய அண்ணன் கியூபெய் வந்தான். ஊர்த்தலைவன் அவன்தான். அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தான். பிணத்தின் முன் மண்டியிட்டு, கிமோனோ கைக்குள் விரலால் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டான். கூரோசே ஆண்கள் அப்படித்தான் வரைவார்கள். பார்ப்பவனுக்குச் சொறிந்துகொள்வதுபோலத் தெரியும்.

"கோயிலுக்கு ஆள் அனுப்பிட்டேன். சாமி மதியத்துக்குள்ள வந்துடுவாரு. தோகுஜியப் பின்னால உக்காரச் சொல்லிருக்கேன்."

"யாரக் கேட்டு அனுப்புன?"

"யாரக் கேக்கணும்? எப்பவும் நடக்குறதுதான?"

இசோ கணவன் சொன்னதைச் சொன்னாள். கியூபெய் முதலில் புரியாதவன்போல் பார்த்தான். பிறகு எழுந்து கதவைச் சாத்தினான்.

"தங்கச்சி, செத்தவன் பேச்சக் கேட்டு இருக்கறவங்களக் கொல்லாத. உனக்கு ஒருத்தரப் பத்திக் கவல. எனக்கு ஊரப் பத்திக் கவல. ஒரு வீடு மாட்டுனா, அடுத்த வீடு யாருன்னு கேப்பான். நகத்தப் பிடுங்கிக் கேப்பான். என்ன சொல்லுவ? நாங்க மட்டும்தான்னா? அது பொய் இல்லையா? அதுக்கு மனஸ்தாபம் சொல்லிக்குவியா?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்னப் பத்திக் கேட்டா ஆமான்னு சொல்லுவேன். மத்தவங்களப் பத்திக் கேட்டா வாயே திறக்க மாட்டேன். சும்மா இருக்குறது பொய் இல்லண்ணா."

"நகம் போகும்போது சும்மா இருப்பியா நீ? முள்ளுக் குத்தினாலே மூணு தெருவுக்குக் கேக்கும்."

"கத்துவேன். கத்துறதும் பொய் இல்ல."

கியூபெய் அவளை முறைத்தான். "ரொம்ப வாய் வந்துடுச்சு உனக்கு."

"இத்தன வருசமா இல்லாம இருந்துச்சு. அதான் பிரச்சன."

மூலையில் இசோவின் மகன் யகிச்சி உட்கார்ந்திருந்தான். கியூபெய் அவன் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுடா உங்கம்மாவுக்கு. உன் பொண்டாட்டி வயித்துல இருக்குறதுக்காகவாவது சொல்லு."

"அம்மா," என்றான் யகிச்சி, "அப்பா கேட்டப்ப நீ சரின்னு சொன்னியா?"

"சொல்லல."

"சத்தியம் வாங்கினாரா?"

"இல்ல."

"அப்ப உன்னக் கட்டிப்போட எதுவும் இல்லையே?"

"அதான்டா உறுத்துது. கட்டிப்போட்டிருந்தா அவரு மேல பழியப் போட்டுட்டுச் செஞ்சிருப்பேன். இப்ப நானே செய்யணும்."

யகிச்சி எழுந்து வெளியே போனான். பயந்து ஓடுகிறான் என்று கியூபெய் நினைத்தான். இசோவும் அப்படித்தான் நினைத்தாள்.

பிக்கு ரியோகாய் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். மெலிந்த கிழவர். மேட்டு வழியில் ஏறி வந்ததில் வியர்த்திருந்தது. ஒரு கையில் மீன் வடிவ மரத்தாளம், தோளில் துணிப்பை. வாசற்படிக்கு வந்தவர் நின்றார். இசோ கதவின் இரு பக்கமும் கை வைத்து நின்றிருந்தாள்.

"உள்ள வரலாமாம்மா?"

"வேண்டாம் சாமி."

பின்னால் நின்ற கியூபெய், "துக்கத்துல என்னமோ பேசுறா சாமி, நீங்க வாங்க" என்றான். இசோ கையை எடுக்கவில்லை.

ரியோகாய் தாளத்தைத் தரையில் வைத்துவிட்டு, வாசல் கல்லில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி கிடைக்குமா?"

கியூபெய் வாசல் தொட்டியிலிருந்து மரக்கரண்டியில் மொண்டு கொடுத்தான். குடித்துவிட்டு அவர் கேட்டார்: "தோகுஜி உள்ள உக்காந்தாச்சா?"

கியூபெய் கையிலிருந்த கரண்டி விழுந்தது. இசோவின் கைகள் கதவிலிருந்து தாமாகவே இறங்கின.

"என்ன பாக்குறீங்க? நான் இந்த ஊருக்கு வந்த முதல் சாவுலயே தெரியும். தானியப் பெட்டிக்குப் பின்னால எலி அவ்வளவு ஒழுங்கா முணுமுணுக்காது." அவர் மரத்தாளத்தைத் தட்டிக் காட்டினார். டொக் என்று உரக்க ஒலித்தது. "இத இவ்வளவு சத்தமா யாரு அடிப்பா? பக்கத்து ஊரு பிக்கு கேலி பண்றாரு, உமக்கென்ன காது செவிடான்னு. சில சமயம் காவல் சாவடிக்காரன் வாசல்ல வந்து நிப்பான், உங்க ஆளு உள்ள முணுமுணுப்பான். நான் அடிக்காம என்ன பண்றது?"

இசோவுக்குக் கண் நிறைந்தது. முதல் பெண்ணின் சாவன்று இந்த மனிதர் தாளத்தை வெறிபிடித்ததுபோல் அடித்தது நினைவுக்கு வந்தது. குழந்தைச் சாவில் இப்படியா அடிப்பான் பாவி என்று அன்று அவரைச் சபித்திருந்தாள்.

"சாமி, இது எங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களா? என் காலத் தொட்டுக் கும்பிட்டே காட்டிக் கொடுத்திருப்பீங்க." அவர் சிரித்தார். "இப்ப வழி விடும்மா. தொமெசோ நல்லவன். எத்தனை சாவுல நானும் அவனும் சேந்து வேல பாத்திருக்கோம். அவனுக்கு நல்லா அடிக்கிறேன்."

அவள் மறுபடி கையைக் கதவில் வைத்தாள். இந்த முறை அது கனத்தது. ஒரு கெட்டவன் வந்து நின்றிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

"முடியாது சாமி. அவரு வேண்டாம்னாரு. எனக்கும் வேண்டாம்."

"சரி, ஓதல. உள்ள வந்து உக்காந்து உதட்ட மட்டும் அசைக்கிறேன். வெளிய போறவனுக்கு ஓதுறதா தெரியும். உங்களுக்கு அழிக்கிறதுக்கும் ஒண்ணும் இருக்காது. போதுமா?"

கியூபெய் ஆவலோடு தங்கையைப் பார்த்தான். இதைவிட ஒருவர் என்ன செய்ய முடியும்?

"சாமி, அசைஞ்ச உதட்டுக்கும் அவரு பதில் சொல்லணும். நீங்களும் சொல்லணும். உங்க தெய்வம் என்ன கேக்கும்னு எனக்குத் தெரியாது. எங்காளு கேப்பாரு. என் புருசன நான் கையில ரெண்டு பேரு கொடுத்து அனுப்ப மாட்டேன். ஒரே பேரு. பாவுரோ. நான் கத்தரீனா."

அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் முன் அவள் சொன்னது அதுவே முதல் தடவை. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருத்தி நின்றுவிட்டாள். கியூபெய் தலையைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

ரியோகாய் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் சாவடியில சொல்லியாகணும். சொல்லலேன்னா கோயிலையும் பூட்டுவாங்க, என்னையும் பூட்டுவாங்க."

"சொல்லுங்க சாமி. உள்ளதச் சொல்லுங்க. அந்த வீட்டுக்காரி வழி விடலன்னு சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன். இன்னைக்கு எனக்குக் காய்ச்சல்." அவர் திரும்பி நடந்தார். நாலடி போய் நின்றார். "இத்தன நாள் சத்தமா அடிச்சு கை வலிக்குதும்மா. இப்படி ஒருத்தி வந்து நிறுத்துவான்னு எதிர்பாக்கல."

அவர் போன பிறகு கியூபெய் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தெரு நெடுக ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. பின்னறையிலிருந்து தோகுஜி மெல்ல எட்டிப் பார்த்தான். "அப்ப நான் வேண்டாமா?" என்றான். வேண்டாம் என்றதும் நிம்மதியாகக் கொல்லைப்புறமாய்ப் போனான்.

இசோ தனியாகப் பிணத்தின் அருகில் உட்கார்ந்தாள். மனஸ்தாபம் என்றால் அழுவது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள். அழுதுவிட்டு அடுத்த வருடம் மறுபடி மிதிக்கலாம். இப்போது அழுகை வரவில்லை. இனி எந்த விதத்திலும் மிதிக்கப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. தீர்வை நாளுக்கு இதைத்தான் கையில் கொண்டுபோக வேண்டுமோ என்று தோன்றியது.

அப்போது கடற்கரையிலிருந்து கோடாலிச் சத்தம் கேட்டது. யகிச்சி திரும்பி வந்தபோது அவன் தோளில் நீளப் பலகைகள் இருந்தன. தொமெசோவின் பழைய படகு.

"உடைச்சுட்டியா?"

"அதுக்கு இனி யாரு இருக்கா? வேற நீளப் பலக எங்கிட்ட இல்ல."

கூரோசேயில் பிணத்தைக் கால் மடக்கி, உட்கார்ந்த நிலையில் மரத்தொட்டியில் வைத்துத்தான் புதைப்பார்கள். கோயில் வழக்கம் அது. நீட்டிப் படுக்க வைப்பது தங்கள் பழைய வழக்கம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். யாரும் செய்து பார்த்ததில்லை. யகிச்சி ஆணி அடிக்க, இசோ பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பொண்டாட்டிக்கு அவ அம்மா வீடு இருக்கு, எதிர்த்தீவுல. இப்பவே அனுப்பு."

"கிளம்பச் சொன்னேன். தாத்தாவ நீட்டிப் படுக்க வச்சத பிள்ளைக்குச் சொல்லணும், பாத்துட்டுத்தான் போவேன்கிறா."

"உன்ன மாதிரியே பிடிவாதக்காரியாத்தான் தேடிப் பிடிச்சிருக்க."

"நானா? கதவப் பிடிச்சிட்டு நின்னது யாரு?"

பொழுது சாயத் தொடங்கியபோது பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் யகிச்சி. பின்பக்கத்தை இசோவும் மருமகளும் பிடித்தார்கள். தெருவில் சாத்திய கதவுகளுக்கு நடுவே நடந்தார்கள். கியூபெய் வீட்டைத் தாண்டும்போது கதவு திறந்தது. வந்தது கியூபெய் இல்லை, அவன் மனைவி ஃபுஜி. "வயித்துப் புள்ளக்காரி தூக்குறதா? தள்ளு" என்று மருமகளை விலக்கிவிட்டுப் பெட்டியைப் பிடித்தாள். இன்னும் இரண்டு வீட்டிலிருந்து ஆண்கள் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. இசோ அவர்கள்மேல் கோபப்படவில்லை. நேற்றுவரை அவளும் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள்.

புதைமேட்டிலிருந்து பார்த்தால் வளைகுடா முழுதும் தெரியும். கீழே, மிக அருகில், காவல் சாவடியின் ஓலைக்கூரை. சாவடிக்காரர்கள் வெளியே பாயில் உட்கார்ந்து மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மேட்டில் சாவு என்பது அவர்களுக்குத் தெரியும். பிக்கு பார்த்து அனுப்பிய சாவு என்று நினைத்திருப்பார்கள்.

குழி வெட்டிப் பெட்டியை இறக்கினார்கள். யகிச்சி இரண்டு கட்டைகளைக் குறுக்காகக் கட்டித் தலைமாட்டில் நட்டான். இசோ வாயைத் திறந்த நேரம், எதிர்மேட்டுக் கோயிலில் மணி அடித்தது.

வழக்கமான வேளை இல்லை. ஒரு அடி, அதன் ரீங்காரம் அடங்குமுன் அடுத்தது. அடுத்தடுத்து. வளைகுடா முழுதும் அதிர்ந்தது. சாவடிக்காரன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு கோயில் பக்கம் பார்த்துத் திட்டுவது தெரிந்தது.

ஃபுஜிக்குப் புரிந்துவிட்டது. "பாத்தியா, சாமி நமக்காகத்தான் அடிக்கிறாரு! சட்டுனு சொல்லி முடி, யார் காதுலயும் விழாது."

இசோ கோயிலைப் பார்த்தாள். தூரத்தில், மணிக்கூண்டில், மெலிந்த ஓர் உருவம் மணியை இடிக்கத் தொங்கவிட்ட உத்தரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தத் திசைக்கு நெற்றி தரையில் படக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தாள். பிறகு எழுந்தாள்.

"மணி ஓயட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"பயமா இருந்தா போ அண்ணி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பயமா இருக்கு" என்றாள் ஃபுஜி. ஆனால் போகவில்லை.

நின்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிழவரின் கை எவ்வளவு தாங்கும்? அடிகளுக்கு இடையில் இடைவெளி கூடியது. ஒரு அடி வலுவிழந்து விழுந்தது. இன்னொன்று. மேட்டில் எல்லோரும் சும்மா நிற்பதை அவர் அங்கிருந்தே பார்த்திருக்க வேண்டும். கடைசியாக உத்தரத்தை அவர் கையிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்.

ரீங்காரம் கடல்மேல் போய்த் தேய்ந்தது. பிறகு அலைச் சத்தம் மட்டும்.

"நான் கத்தரீனா" என்று இசோ ஆரம்பித்தாள். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் என்று அண்ணன் சொன்ன அதே குரல். "இவர் பாவுரோ. ஆண்டவரே, உம்மை மிதித்த காலோடு உம் முன்னால் நிற்கிறோம். மனநோகிறோம். இனி மிதிக்க மாட்டோம்."

யகிச்சி சேர்ந்துகொண்டான். மருமகள் சேர்ந்துகொண்டாள். ஃபுஜியின் குரல் கீச்சென்று தப்பாக ஏறி, சரியாகி, கூடவே வந்தது.

கீழே சாவடியில் ஒருவன் மீனைப் போட்டுவிட்டு எழுந்து, கண்ணுக்குமேல் கை வைத்து மேட்டைப் பார்த்தான். இசோ அவனைப் பார்த்தபடியே அடுத்த வரியைச் சொன்னாள்.